ஸ்பீக்கரில் போன மானம்

முதலில் தக்காளிதான் கையிலிருந்து நழுவியது. பறித்ததைக் கூடையில் போடுவதற்குள் விரல் விட்டுவிட்டது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். சில நாளில் காலும் மரத்துப்போய், தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். கில்லன்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய்) என்றார்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூச்சுக்கும் பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையும் காலும் என் சொல் கேட்கவில்லை.

"நரம்பு மெதுவாத்தாம்மா வளரும், அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர்.

"எனக்கு வர்ற அவசரம் வேறங்க டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே நோயில் படுத்திருப்பவர்களே, வலியைவிட அருவருப்புதான் கொடுமை. வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகும், மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட ஆள் வேண்டும். தொண்டை கிழியக் கத்தினால் தெருவே எட்டிப் பார்க்கும். கத்தாவிட்டால் படுக்கை நனையும். ச்சீ, என்ன பிழைப்பு!

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி ரயிலேறி வந்தான். எங்கள் ஊரில் நெட் வருவதும் போவதும் மழை மாதிரி. அதனால் ஒரு பழைய லேப்டாப்பை வீட்டுக்குள்ளேயே சர்வராக்கி, எங்கள் போன்களை வைஃபையில் அதோடு சேர்த்தான். நான் "கூப்பிடு" என்றால் என் குரல் வீட்டுக்காரர் போனில் கேட்கும், அங்கே பேசுவது எனக்குக் கேட்கும். "நிறுத்து" என்றால் மூடிக்கொள்ளும்.

எல்லாம் சரி. வீட்டுக்காரருக்குப் போனைக் காதில் வைத்துப் பழக்கமில்லை. எப்போதும் ஸ்பீக்கர்தான்.

ஒருநாள் நாத்தனார் சொந்தக்காரர்களோடு ரொட்டியும் சாத்துக்குடியுமாக என்னைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு எல்லோரும் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. "கூப்பிடு" என்று சொல்லி, "பெட்பேன் (படுக்கையில் வைக்கும் மலத்தட்டு) எடுத்துட்டு சீக்கிரம் வாங்க" என்றேன். அது பலகாரத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒலித்திருக்கிறது.

நாத்தனார் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "கருமம்! எத்தினி நாளைக்குடா இந்த அசிங்கத்த அள்ளுவ? கொண்டுபோயி அவங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வா."

இவர் வாயைத் திறக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜமாகவே அனுப்பிவிடுவாரோ?

"அண்ணி, எனக்குக் காது நல்லாத்தாங்க கேக்குது" என்றேன். ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம். நான் "நிறுத்து" என்று சொல்லவே இல்லை. கேட்கட்டுமே!

பெட்பேனோடு வந்தவரிடம், "ஏங்க பதிலே சொல்லல?" என்று சீறினேன்.

"இத அலசி எடுத்துட்டு வரப் போயிட்டேன். அவகிட்ட நின்னு பேசிட்டிருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "அக்கா, இவ எங்கயும் போவமாட்டா. காபி குடிச்சாச்சுன்னா கெளம்புங்க."

கட்டைவிரலுக்குத்தான் முதலில் உயிர் திரும்பியது. அதைக் கொண்டு முதலில் அணைத்தது அவர் போனின் ஸ்பீக்கரை. பிறகு உட்கார்ந்தேன், நின்றேன், சுவரைப் பிடித்து நடந்தேன். உள்ளங்காலில் இன்னும் மரமரப்பு இருக்கிறது. எனக்கு நேரம் என்பது இப்போது கடிகாரத்தில் இல்லை. கூப்பிடுவதற்கும் ஆள் வருவதற்கும் நடுவில் கிடந்ததுதான் நேரம்.

இன்று கழிப்பறைக்கு நானே போகிறேன். போனை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போடுகிறேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் இது என் உடம்பு.