ஆறாத புண்ணும் அக்கா தந்த சிறுநீரகமும்

கணுக்காலுக்கு மேலே ஒரு கீறல். மரவள்ளிக் காட்டில் ஏதோ குச்சி கிழித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆறு வாரமாகியும் ஆறவில்லை. குழிந்து, ஓரம் தடித்து, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வந்துவிட்டது.

நான் கல்வராயன் மலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியை, வீடு வடக்கனந்தலில். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா செல்வி எனக்கு ஒரு சிறுநீரகம் தந்தாள். அதை என் உடம்பு வேற்றுப்பொருளென்று தாக்காமலிருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறேன்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் சர்க்கரை நோய் இல்லை என்றார்கள். மருந்து வைத்துக் கட்டியும் கேட்காததால், மாற்று அறுவை நடந்த மருத்துவமனைக்கே சேலம் போனேன். பயாப்ஸி (சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முதல் அறிக்கை, லிம்போமாவாக (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கலாம் என்றது. அடுத்த சோதனை முடிவுக்குப் பத்து நாள். வாய்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நின்றுவிடுவேன், பிள்ளைகளே முடித்துவிடுவார்கள்.

“புத்துநோய் இல்லம்மா, வைரஸ் புண்ணு,” என்றார் சேலத்து டாக்டரம்மா. “நெறைய பேரு உடம்புல இந்த வைரஸ் சும்மா கெடக்கும். உங்க எதிர்ப்பு சக்திய நாம அடக்கி வச்சிருக்கோம், அதான் தலைதூக்கிடுச்சு. மாத்திரயக் குறைச்சா ஆறிடும்னு நம்புறேன்.”

“கிட்னி?”

“வாராவாரம் ரத்தம் பாக்கணும்.”

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“இன்னாடி, இப்படி உக்காந்துகினு இருக்க? பயந்துகினே கெடக்கவா குடுத்தேன்? டாக்டரு சொன்னபடி கேளு.”

“போயிடுச்சுன்னா?”

அவள் என் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டுத்துணியைப் பிரித்தாள்.

மாத்திரையைக் குறைத்த மூன்றாம் வாரம் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) கொஞ்சம் ஏறியது. புண்ணும் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அந்த வாரம் கழித்த சிறுநீரையெல்லாம் அளந்து குறித்தேன். காலையில் கண் விழித்ததும் முகம் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

நான்காம் வாரம் கிரியாட்டினின் இறங்கியது. பிறகு புண்ணின் ஓரம் சுருங்கத் தொடங்கியது. மூன்று மாதத்தில் மூடிக்கொண்டது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆறாத புண்ணை மறைக்காதீர்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இப்போது அந்த இடத்தில் தோல் மிக மெல்லியது. ஈ உட்கார்ந்தால்கூடத் தெரிகிறது. நாட்களை இரத்தச் சோதனைக்கு முன், பின் என்றுதான் எண்ணுகிறேன். போன வாரம் தலைமையாசிரியை, “அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பு எடுத்துக்குறீங்களா?” என்று கேட்டார். அடுத்த வருஷம் என்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு, எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.