வேண்டுதல் சோற்றின் முதல் பிடி

சபையாரே, நான் செய்த பிசகைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1918, ஐப்பசி மாதம். ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு விஷக்காய்ச்சல். துறைமுகத்தில் என்னோடு நிலக்கரி சுமந்தவர்களில் பலர் வேலைக்கு வரவில்லை. என் மனைவி ரோசம்மாளும் படுத்தாள். ஆறு நாள் நினைவே இல்லை. நான் முன்கோபக்காரன். ஜெபத்திலும் ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். கடைசியில், அவள் பிழைத்தால் ஏழைகளுக்குக் கறிசோறு போடுவதாக நேர்ந்துகொண்டேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்கே அடுப்பு மூட்டினேன். எங்கள் வழக்கப்படி வேண்டுதல் சோற்றின் முதல் பிடியைச் சுகமானவர்தான் சாப்பிட வேண்டும்.

"வவுறு எரியுதுய்யா, வேணாம்" என்றாள்.

"ஆண்டவருக்கு நேந்துக்கினதுடி, தள்ளாதே" என்று ஊட்டினேன். ஒரு பிடியோடு நிறுத்தவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் வயிற்றுப்போக்கு. பிறகு ரத்தம். என் கையாலேயே அவளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். முழங்காலில் விழுந்தேன். இந்த முறை எதையும் நேர்ந்துகொள்ள வாய் வரவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஆண்டவரே, நீரே வழி காட்டும்" என்று மட்டும் கதறினேன்.

காய்ச்சல் மருந்து கொடுத்துக்கொண்டு தெருவில் போன கம்பவுண்டர் அந்தச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். கறிச் சட்டியைப் பார்த்தார்.

"இன்னாய்யா, இதையா துன்னக் குடுத்தே? காச்சல் வுட்டாலும் உள்ள புண்ணு கீதுய்யா. இந்தக் காச்சல்ல சில பேருக்குக் கொடலுக்குள்ள கீற மெல்லிசுத் தோலும் வெந்து உரிஞ்சிபூடுது. அதும்மேல காரத்தப் போட்டா தாங்குமா? புதுத் தோலு வர்ற வரிக்கும் உப்புக் கஞ்சித்தண்ணிதான். கரண்டி கரண்டியா ஊத்து."

அப்படியே ஊற்றினேன். மறுநாள் அவளுடைய அக்காள் வந்து, "பட்டினி போட்டே சாவடிக்கப் போறியா?" என்று சீறினாள். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கவும் விடவில்லை.

மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. ஐந்தாம் நாள் ரோசம்மாள், "இன்னும் கொஞ்சம் ஊத்துய்யா" என்றாள். அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன்.

பதினொரு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து நான் ஆண்டவரிடம் பேரம் பேசுவதில்லை. கோபம் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்கும் ஜெபித்து வருகிறேன். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களே, தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். அவர் யாரை அனுப்பினாலும் அந்த ஆள் பேச்சைக் கேளுங்கள். அந்த இரக்கத்தால் பிழைத்தவள் அதோ, பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பாருங்கள்.