ஞானபேரிகை பிறந்த கதை

சன்னாசிக்கு வேலை ஈப்போவில், ஓர் அலுவலகத்தில் பியூன். குடியிருப்பு கோப்பெங் பக்கத்தில், விற்றுக் கைமாறிப்போன ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தினமும் பட்டணம் போய் வருகிறவர் என்பதால் சேதியெல்லாம் முதலில் அவர் காதில்தான் விழும். விழுந்ததை ஒரு பெரிய தாளில் எழுதி, சனிக்கிழமை தோறும் அப்பாவுவின் மளிகைக்கடைத் தகரச் சுவரில் ஒட்டுவார். எங்கே ஆள் எடுக்கிறார்கள், நர்ஸம்மா ஊசி போட என்றைக்கு வருகிறார், பக்கத்து ஊர் கம்பாரில் யார் செத்தது, இப்படி. அப்பாவு அதை உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத பாதி லயமும் நின்று கேட்கும். தாளுக்குக் கீழே மண்ணெண்ணெய்ப் பீப்பாய் இருந்ததால் சனம் அதை மண்ணெண்ணெய்த் தாள் என்றது. ஆறு வருசம் அந்தப் பேரிலேயே ஒரு வாரம் தவறாமல் வந்தது.

எழுபத்தெட்டாம் வருசம் மே மாதம், அலுவலகத்துத் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா அருளம்பலத்திடம் சன்னாசி இதைப் பெருமையாகச் சொன்னார். அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேசுவார்.

"மண்ணெண்ணெய்த் தாளோ? உதென்ன பேர் தம்பி, படிச்ச சனம் சிரிக்கும். நல்ல பேர் ஒண்டு வைச்சு, ஆக்களைக் கூப்பிட்டு முறைப்படி தொடங்க வேணும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே சங்கை எடுத்துக் கொடுத்தவர் அருளம்பலம், வாங்கி ஊதியவர் சன்னாசி. அன்று இரவே மண்ணெண்ணெய்த் தாள் அவருக்கு அவமானமாகிவிட்டது. இனி வந்தால் பத்திரிகையாகத்தான் வரும், பேர் கிடைக்கும்வரை எதையும் ஒட்டுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்.

அந்த வாரமே அலுவலகத்தில் ஒரு நல்ல சேதி காதில் விழுந்தது. ஜூன் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று நாளும் குடியுரிமை அதிகாரிகள் கோப்பெங்குக்கே வருகிறார்கள். சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், அதாவது இங்கேயே பிறந்தும் பிரஜை ஆகாதவர்கள், அங்கேயே மனுப் போடலாம். கையில் ரசீது கொடுத்துவிடுவார்கள்.

இந்த ரசீதுக்காகத்தான் பக்கத்து வீட்டு இருளாயி தவம் கிடந்தாள். ஜூலை முதல் தேதியிலிருந்து சிவப்பு ஐசிக்குப் பால்வெட்டு வேலை இல்லை, மனுப் போட்ட ரசீதாவது காட்டு என்று கண்ட்ராக்டர் சொல்லிவிட்டான். ஈப்போவில் போய்க் கேட்டால் பெயர் பதிந்து கூப்பிடவே ஒரு வருசம் ஆகும் என்றார்கள். புருசன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள்.

சன்னாசி அந்தச் சேதியைத் தாளின் உச்சியில், சிவப்பு மையில் எழுதினார். முதல் இதழுக்கு முதல் சேதி. மற்றதையும் எழுதி முடித்தார். பேருக்கு மட்டும் மேலே நாலு விரல் இடம் காலி. திறப்பு விழா ஜூன் நாலு, ஞாயிறு. நாள் தாராளமாக இருந்தது.

"ஏதாச்சும் சேதி இருக்கா தம்பி?" என்று இருளாயி கேட்டாள்.

"இருக்குக்கா. பத்திரிகையில வரும்லா, பாருங்க."

வாயில் வந்துவிட்டதை அப்படியே விழுங்கினார். முன்னாலேயே சொல்லிவிட்டால் முதல் இதழில் என்ன இருக்கிறது?

பேர்தான் வரவில்லை. 'ஈப்போ முழக்கம்' என்றார், முழக்கம் எண்டால் போலீஸ் வந்து நிக்கும் என்றார் அருளம்பலம். 'கிந்தா சுடர்' என்றார், மண்ணெண்ணெய்ப் பீப்பாய் பக்கத்துல சுடரா, என் கடையைக் கொளுத்தவா பாக்குற என்றார் அப்பாவு. 'வெண்மதி' சவர்க்காரப் பேர் மாதிரி இருந்தது. நாலாம் தேதி விழா பதினொன்றாயிற்று. 'ஞானபேரிகை' கிடைத்தது. எண் கணக்குப் பார்த்தால் கூட்டுத்தொகை எட்டு, எட்டென்றால் சனி. மாநிலத்தின் பேரையும் முன்னால் சேர்த்து 'பேராக் ஞானபேரிகை' என்று நீட்டியதும் மூன்றாக மாறியது. சன்னாசி அன்றைக்கு மூன்று தேத்தண்ணீர் குடித்தார். பதினொன்று பதினெட்டாயிற்று, தலைமை தாங்க அருளம்பலத்துக்கு அன்று தோதில்லை. பிறகு இருபத்தைந்து. நடுவில் அந்த மூன்று நாளும் வந்து போனது, பேரும் விழாவுமாக அலைந்தவர் கண்ணில் படவேயில்லை.

இருபத்தைந்தாம் தேதி தகரச் சுவருக்கு மாவிலை கட்டி, சன்னாசிக்கு மாலை போட்டார்கள். அருளம்பலம் அரைமணி நேரம் தமிழின் தொன்மை பற்றிப் பேசினார். திரையை விலக்கியதும் கூட்டம் முணுமுணுத்தது.

"வாயில நுழையலையே," என்றது ஒரு குரல்.

"நான் சொன்ன பேரை வைக்கல," என்றார் இன்னொருவர்.

'பேராக்' எழுத்துச் சாய்ந்திருப்பதாக அருளம்பலமே காதோடு சொன்னார்.

பிறகு அப்பாவு வழக்கம்போல் உரக்கப் படிக்கத் தொடங்கினார். முதல் சேதி. ஜூன் பன்னிரண்டு, பதின்மூன்று என்று படித்தவர், குரல் இறங்கி, பாதியில் நின்றுவிட்டார்.

இருளாயி முன்னால் வந்தாள். "இன்னைக்கு என்ன தேதி, அண்ணே?"

"இருபத்தஞ்சு."

அவள் சன்னாசி பக்கம் திரும்பினாள். "உனக்கு இது எப்ப தெரியும் தம்பி?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார், உண்மைதான் வந்தது. "போன மாசமேக்கா. முதல் இதழ்ல போடலாம்னு..."

கழுத்து மாலையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருளாயி தலை நிமிர்ந்து, படிக்கத் தெரியாத அந்தப் பெரிய எழுத்துகளை ஒருமுறை பார்த்தாள்.

"பேரு நல்லா இருக்கு தம்பி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஜூலை முதல் தேதி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பேரை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அவள் ஒருத்திதான்.