வாசப்படி டீச்சருக்கு ஏழு வட்டம்

பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு டீச்சர் உண்டு, பாட்டுக்கு டீச்சர் உண்டு. வாசிக்க வைப்பதற்கென்றே தனியாக ஒரு டீச்சரா என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கு முதல் நாள் போனபோது, சத்துணவு சமைக்கிற அம்மா என்னை முட்டையைச் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைத்து, மூடியிருந்த பாத்திரத்தையெல்லாம் திறந்து காட்டினார். தலைமை ஆசிரியர் மட்டும் மரியாதையாக, "ஏன் மேடம், புள்ளைங்க தானா படிக்காதா?" என்றார். எழுத்து தெரிந்தும் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து, எங்கே சிக்குகிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் என் வேலை என்றேன். தலையை ஆட்டினார். தனி அறை இல்லை என்று சொல்லி, நாலாம் வகுப்பு வாசற்படி ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஒரே வாரத்தில் 'வாசிப்பு டீச்சர்' போய் 'வாசப்படி டீச்சர்' ஆகிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் திருப்போரூரில் பஸ் ஏறி அங்கே போவேன். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் பாடப்புத்தகத்திலிருந்தே தாளில் எடுத்தெழுதிய ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வேன். என் கையிலும் அதே தாள் இருக்கும். பிசகுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். ஐந்து வட்டத்தைத் தாண்டிவிட்டால், பருவம் முடிகிறவரை தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து அடியிலிருந்து படிக்க வேண்டும். பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படித்தான். அந்தப் பேனா கையில் இருந்தால் எனக்கு நீதிபதி என்று நினைப்பு.

நாலாம் வகுப்பில் ஒரு பெண். ஒல்லியாக, எண்ணெய் வழிகிற இரட்டைச் சடையோடு வந்து நின்றாள். தாளில், 'மழை பெய்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் என்ன இருக்கிறது?' என்று ஆரம்பிக்கும். அவள் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மழ பெஞ்சிகினு இருந்துச்சி. அந்த வூட்ல இன்னா கீது?" என்று வாசித்தாள். திக்கவில்லை, திணறவில்லை, பத்தி முழுக்க இதே பாணிதான். என் பேனா சும்மா இருக்குமா? ஒன்பது வட்டம்.

அடுத்து வகுப்பிலேயே முதல் மாணவன். கணீரென்று ஒப்பித்தான். ஒரு வட்டம்கூட இல்லை. கண் மட்டும் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்த காக்காயின் மேல் இருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். எட்டிப் பார்த்தவளுக்கு முகம் செத்துவிட்டது.

"டீச்சர், ஒண்ணாங்கிளாஸ் மட்டும் வாணாம் டீச்சர். எந்தங்கச்சி அங்கதான் கீறா. தெருபூரா சொல்லிகினு திரிவா."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நறுக்கென்று கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் அழவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டிலிருந்து போன். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதாம், அதை எனக்குப் போன் போட்டுச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மூக்கின் மேல் கோபம். எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று ஒரு கத்துக் கத்திவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் நாற்காலியில் என் பேனாவைக் காணோம்.

தூணோரத்திலிருந்து அவள் எழுந்து வந்தாள். நோட்டுத் தாள் ஒன்றை நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து: 'இன்னாய்யா, வூட்ல மோட்டரு ஓடிகினே கீதா? போய் நிறுத்து, பேஜாரு பண்ணாத.' நான் போனில் கத்தியது, ஒரு எழுத்து சிந்தாமல் அப்படியே இருந்தது. 'போய் நிறுத்து' மட்டும்தான் தப்பித்திருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம்.

"ஏழு வட்டம் டீச்சர்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்களும் ஒண்ணாங்கிளாஸ்ல வந்து ஒக்காருங்க."

அடி ஆத்தாடி! திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் பிறந்து வளர்ந்ததும் இதே 'வூடு'தானே? பஸ் ஏறும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு 'வீடு' மாட்டிக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய ஒன்பது வட்டத்தையும் மறுபடி பார்த்தேன். ஒன்றில்கூடப் பொருள் தப்பவில்லை. கண்ணால் 'வீடு' என்று படித்து, புரிந்துகொண்டு, தன் வாயால் 'வூடு' என்று சொல்லியிருக்கிறாள்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. புதிதாக ஒரு தாளில் எழுதினேன்: 'மழை பெய்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் வாசலில் விட்ட செருப்பில் ஒன்றைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது.' முதல் மாணவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். முதல் வரியைப் பார்த்தான், காக்காயைத் தேடினான், பழைய பத்தியைக் கடைசிவரை பொழிந்து தள்ளினான். கீழே பார் என்று காட்டியதும், "புக்க மாத்திட்டீங்க, அழுகுணி ஆட்டம்!" என்றான்.

அவளிடம் கொடுத்தேன். "மழ பெஞ்சிகினு இருந்துச்சி..." என்றவள் நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஓடிப்போய்த் தலைமை ஆசிரியரின் அறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பொய்யி டீச்சர்! ரெண்டும் அங்கயேதான் கீது!" என்றாள்.

இதைவிட என்ன வாசிப்பு வேண்டும்? பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, 'பிழை வாசித்தவரிடம் இல்லை, கேட்டவரிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமை ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இத அப்படியே அனுப்பினா மேல இருந்து உங்களத்தான் கேப்பாங்க மேடம்."

"கேக்கட்டும் சார்."

"காலையில தப்பு, மத்தியானம் சரியா?"

"காலையில நான் அவ வாயத்தான் பார்த்தேன் சார்." அவர் முனகிக்கொண்டே பட்டியலை உறையில் போட்டார். முதல் மாணவனை மட்டும் இனி என் நாற்காலி பக்கத்தில் உட்கார வைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவனைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் பாக்கியை முடிக்க ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். ஏழு வட்டம் வாங்கியவள் வேறு எங்கே போவது? தரையில் ஒரு குட்டிப்பெண் நகர்ந்து இடம் விட்டாள். அதே இரட்டைச் சடை, அதே எண்ணெய். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களும் ஃபெயிலா டீச்சர்?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"எங்கக்கா பாஸு" என்றாள். "தெருபூரா சொல்லிட்டேன்."