டோக்கன் அக்கா வரிசையில் நின்ற நாள்

கண் ஆஸ்பத்திரியில் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரும் அப்படித்தான், எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவள் முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும். அந்தக் குரலுக்கு அங்கே தனி மரியாதை உண்டு, ஏனென்றால் அது பொய் சொல்லாது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்ற வார்த்தை அவள் வாயில் வரவே வராது. உலகத்தில் இருக்கிற காத்திருக்கும் அறைகள் எல்லாம் அந்த ஒரு பொய்யில்தான் ஓடுகின்றன என்பது அவள் கட்சி. எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், "மதியம் தாண்டிடும். போய் சாப்பிட்டு வாங்க, உங்க இடம் எங்கயும் போகாது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள். கேட்டவர் முகம் தொங்கிப்போகும். ஆனாலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார், அவர் இடமும் அப்படியே இருக்கும். நடுவில் நுழையப் பார்ப்பவர்களின் பாச்சா அவளிடம் பலிக்காது. டாக்டரின் மைத்துனரே ஒருமுறை, "நான் யாருன்னு தெரியுமா?" என்று மேஜையைத் தட்டினார். "தெரியுமே. அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்கு அடுத்த ஆளு" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. "ஐயோ பாவம்" என்று யாராவது ஆரம்பித்தால், அவர்கள் முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவாள். தம்பி வீட்டு மாடி அறையில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறாள். தம்பி மனைவியோடு சண்டை வந்தால் அன்றைக்கே போட்டு அன்றைக்கே முடித்துக்கொள்வாள். இப்படிப்பட்டவள் ஒரு பத்து வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வரப்போகும் ஒரே ஒரு வார்த்தைக்காக நெஞ்சு படபடக்க ஒரு நாள் முழுக்க அலைந்தாள் என்றால், அதற்குக் காரணம் சாவிக்காரர்.

சாவிக்காரர் கடைத்தெரு முனையில் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவர். மெஷினில் சாவி வெட்டும்போது கண்ணாடி போடாமல், கண்ணில் இரும்புத்தூளை வாங்கிக்கொண்டு வந்தார். தூளை உடனே எடுத்துவிட்டார்கள். மறுநாள் திரும்பக் காட்ட வந்தபோதுதான் அவருக்கும் காத்திருக்கும் யோகம் அடித்தது. ஒரு கண்ணில் கட்டோடு, "எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்றார். "சாயங்காலம் ஆயிடும்" என்றாள் டோக்கன் அக்கா. மனுஷர் கோபப்படவில்லை. "ரொம்ப நன்றிங்க. இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் பதில் சொன்னதே இல்ல" என்றார். அதற்கப்புறம் கண்ணில் எதுவுமே விழாமல் நாலைந்து தடவை வந்தார். ஆஸ்பத்திரி முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவர் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். விஷயம் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்ததும் அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "என் பொண்ணு சரின்னா சரி. அவ வேண்டாம்னுட்டா நான் மேல பேச மாட்டேன். இப்பவே சொல்லிடறேன், உங்களை ஏமாத்தக் கூடாது பாருங்க." அந்தப் பேச்சுதான் டோக்கன் அக்காவை அடியோடு சாய்த்தது. இந்த ஆள் வேண்டும், இந்த ஆளோடுதான் இருக்க வேண்டும் என்று அவள் மனது ஒரேயடியாகப் பிடிவாதம் பிடித்தது. மகளை அவள் பார்ப்பதற்கு ஒரு விடுமுறை நாளைக் குறித்தார்கள். இடம், ஊருக்கு வெளியே இருந்த பெரிய பொழுதுபோக்குப் பூங்கா.

பூங்கா வாசலில் சாவிக்காரர் வாய் காதுவரை விரிய நின்றிருந்தார். கையில் மூன்று ஆரஞ்சுப் பட்டைகள், பாஸாம். அதைக் கையில் கட்டிக்கொண்டால் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம், பக்கத்து வழியாக நேரே போய் ஏறிவிடலாம். உள்ளே நுழைவதற்கான சீட்டைவிட அதன் விலை அதிகம்.

"வரிசையை விலை போட்டு விக்கிறாங்களா?" என்றாள் டோக்கன் அக்கா. "எங்க ஆஸ்பத்திரியில இப்படி ஒண்ணு வந்தா, நான் அன்னிக்கே வேலையை விட்டுடுவேன்."

"இல்லங்க, வெயில்ல நிக்க வெச்சா இவ சிடுசிடுன்னு ஆயிடுவா. இன்னிக்குப் பார்த்து…" என்று மென்று விழுங்கினார். மகள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டினாள். டோக்கன் அக்கா மறுபேச்சுப் பேசாமல் கையை நீட்டிப் பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்வதென்றால், முதல் ராட்டினத்தில் அது அவளுக்கு இனித்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஜனம் விசிறிக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் ராணி மாதிரி நடந்து போனாள். இத்தனை வருஷம் யாரையும் நடுவில் விடாதவள், தானே நடுவில் நுழைவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. வெட்கமாகவும் இருந்தது. நடையை மட்டும் குறைக்கவில்லை.

தொல்லை அடுத்து ஆரம்பித்தது. அங்கே எல்லா ராட்டினத்திலும் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைக்கிறார்கள். இவர்கள் மூன்று பேர். மகள் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இருக்கையில் ஏறிவிடுவாள். டோக்கன் அக்கா பின்னால் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளோடு உட்கார்ந்து கத்துவாள். எல்லாரையும் போல வரிசையில் நின்றிருந்தால் இந்த அவமானம் நாளுக்கு மூன்று தடவைதான் நடந்திருக்கும். பாஸ் புண்ணியத்தில் மதியத்துக்குள்ளேயே ஏழெட்டுத் தடவை நடந்தது. இறங்கு, நட, ஏறு, கத்து, இறங்கு. இதற்கு நடுவில் அந்தப் பெண்ணிடம் "எந்த ஸ்கூல்?" என்று கேட்கக்கூட இடைவெளி இல்லை.

சாவிக்காரரின் வயிறுதான் கடைசியில் நிறுத்தியது. ஒன்றில் இறங்கியதும் அவர் முகம் வெளிறிவிட்டது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மரத்தடி பெஞ்சில் சாய்ந்தார். தலைகீழாகக் கலங்கிய வயிறு திரும்ப அதன் இடத்துக்கு வருவதற்கும்தான் வரிசை என்று ஒன்று இருக்கிறது. பாவம், அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கும் டோக்கன் அக்காவிடம் யாராவது பூங்காவுக்குப் போகிறோம், பாஸ் வாங்கலாமா என்று கேட்டால், ஒரே பதில்தான். "ராட்டினத்துக்காகப் போறீங்களா, வாங்குங்க. கூட வர ஆளுக்காகப் போறீங்களா, தண்டம்."

"நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார் சாவிக்காரர், ஈரக் கைக்குட்டைக்கு அடியிலிருந்து. "அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர்ல ஏறணும்னுதான் இவ ஒரு மாசமா உயிரை வாங்கினா. கிளாஸ் பூரா சொல்லிட்டு வந்திருக்கா."

அந்தப் பெரியதைக் காலையில் நிமிர்ந்து பார்த்தபோதே டோக்கன் அக்காவுக்கு அதில் ஏறப் பயம். இருந்தாலும் பெண்ணோடு தனியாக இருக்கக் கிடைத்த ஒரே சமயம் இது. நடந்தாள்.

அங்கே போய்ப் பார்த்தால், பாஸ்காரர்களின் வரிசை மற்றதைவிட நீளம். விடுமுறை நாள் என்று ஊரே பாஸ் வாங்கியிருக்கிறது போல. அதோடு பட்டையைப் படிக்கிற மெஷினும் மக்கர் பண்ணிவிட்டது. வாசலில் ஒருவர் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் திருப்பி, எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். டோக்கன் அக்கா இரண்டு வரிசையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது அவள் தொழில் அல்லவா.

"வா, அந்தப் பக்கம் போயிடலாம்."

"நம்மகிட்ட பாஸ் இருக்கு" என்றாள் பெண். அன்றைக்கு அவளோடு நேராகப் பேசிய முதல் பேச்சு.

"இருக்கு. ஆனா இது நகரலையே. அது நகருது."

"அப்ப இவங்கல்லாம் ஏன் அங்க போகல?"

"காசு கொடுத்துட்டாங்கல்ல. அந்தப் பக்கம் போனா அது வீணாப் போயிடுமேன்னு பயம்."

பெண் வரிசையில் நின்றவர்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"அப்பாவா இருந்தா 'இதோ வந்துடும்'னு சொல்லியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு, பெண் கம்பிக்கு அடியில் குனிந்து அந்த வரிசையின் கடைசிக்குப் போனாள்.

சாதாரண வரிசை கம்பிகளுக்குள் வளைந்து வளைந்து போனது. முன்னால் ஒரு குடும்பம் சிப்ஸ் பொட்டலத்தை மாற்றி மாற்றிக் கொறித்துக்கொண்டிருந்தது. திடீரென்று பெண் கேட்டாள்.

"எங்கப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?"

முன்னால் கொறிக்கிற சத்தம் நின்றது.

"ஆசைதான். நீ வேண்டாம்னா நடக்காது" என்றாள் டோக்கன் அக்கா.

"வேண்டாம்னா அழுவீங்களா?"

"அழுவேன். உன் முன்னாடி இல்ல, வீட்டுக்குப் போய்."

பெண் அதைக் கொஞ்சம் யோசித்தாள். "போன வருஷம் ஒருத்தங்க வந்தாங்க. பெரிய பொம்மை வாங்கிக் கொடுத்தாங்க. உங்கம்மா மாதிரியே பார்த்துப்பேன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். நீங்க பார்த்துப்பீங்களா, அம்மா மாதிரி?"

"உங்கம்மா எப்படிப் பார்த்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதேம்மா."

வரிசை நகர்ந்தது. பெண் கம்பியின் பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினாள். "எனக்கே சரியா ஞாபகம் இல்ல" என்றாள் மெதுவாக. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

டோக்கன் அக்காவுக்கு அவளை அப்படியே அள்ளிக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இன்னும் அந்த உரிமை தனக்கு வரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லா சமைப்பீங்களா?"

"சுமாரா."

"அப்பாவும் சுமார்தான்."

"அப்ப நாம மூணு பேரும் ஒல்லியாவே இருக்க வேண்டியதுதான்" என்று வாய் தவறி வந்துவிட்டது. டோக்கன் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண் காதில் விழாதவள் போல வேறு பக்கம் பார்த்தாள். ஆனால் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அதற்கப்புறம் பேச்சு தானாக ஓடியது. கணக்கு டீச்சரின் குரல், பக்கத்து வீட்டுப் பூனை, அப்பா தூக்கத்தில் சாவி விலை சொல்வது, எல்லாம் வந்தது. ஏறும் மேடை வந்தபோதுதான் பெண்ணின் பேச்சு நின்றது. தலைக்கு மேல் வண்டி கடகடவென்று ஏறி, உச்சியில் ஒரு கணம் தொங்கி, விழுந்தது. மேடையே அதிர்ந்தது. பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் ஏறல."

"சரி, வேண்டாம்." பக்கத்தில் இறங்கிப் போக ஒரு படி இருந்தது. வாசலில் நின்ற ஊழியர் எந்தக் கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். பாதிப் படியில் பெண் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஏறினோம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க. ப்ளீஸ். அப்படிச் சொன்னீங்கன்னா, நான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிடறேன்."

டோக்கன் அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கேட்க வந்த வார்த்தை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லாத பொய். சொல்லிவிட்டால் ராத்திரியே தம்பி மனைவியிடம் விஷயத்தைச் சொல்லலாம். அவள் மனது நிஜமாகவே அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. அந்த எட்டைப் பின்னால் இழுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன்."

"அது எப்படி?"

"எனக்கும் தெரியல. வா."

பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் இறங்கிப் போனாள். போச்சு என்றே டோக்கன் அக்கா நினைத்தாள். பெஞ்சு வரைக்கும் நடப்பதற்குள் அந்த வீட்டையும் அந்த மனுஷரையும் மனதுக்குள் ஒருமுறை விட்டுக்கொடுத்து முடித்துவிட்டாள்.

சாவிக்காரர் தெளிந்திருந்தார். "எப்படி இருந்துச்சு? எப்படி?" என்று எழுந்தே நின்றுவிட்டார். பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறலைங்க" என்றாள் டோக்கன் அக்கா. "எனக்குப் பயமா இருந்துச்சு. காலையில அதைப் பார்த்ததுலேர்ந்தே பயம்தான், இப்பதான் வெளிய சொல்றேன்."

"அவ்வளவு நேரம் நின்னுட்டா?" சாவிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "பாஸ் எல்லாம் வாங்கி…"

பெண் நிமிர்ந்து டோக்கன் அக்காவின் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவே பயமா இருந்துச்சா? எனக்காகச் சொல்றீங்களா?"

டோக்கன் அக்கா கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. பெண் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள், திருப்பியும் பார்த்தாள்.

"நானும்தான்ப்பா பயந்தேன்" என்றாள் அப்பாவிடம். "நான்தான் முதல்ல."

சாவிக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே மேலே பேசினாள். "ஞாயித்துக்கிழமை இவங்களை நம்ம வீட்டுக்குக் கூப்பிடு. ஆனா பாத்ரூம் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்குன்னு இப்பவே சொல்லிடு. உள்ள போனா பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா யாராவது கதவைத் திறந்துடுவாங்கன்னு சொல்லிடு. வந்தப்புறம் தெரிஞ்சா நல்லா இருக்காது."

ஊர் வீட்டுக்கெல்லாம் பூட்டு மாட்டுகிற மனுஷர் அசடு வழிய நின்றார். டோக்கன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குப் பாட்டு சுத்தமாக வராது என்பதை அப்போதே சொல்லி வைத்தாள்.