பெரட்டு மணி இல்லாத ஊரில்

நவமணிக்குப் பெருமை பேசும் பழக்கம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. பத்தொன்பது வயதாகியும் பேச்சு வராத, சோற்றை ஊட்டிவிட்டால்தான் தின்னும் மகள் பாப்பாவைக் கக்கூசுக்குப் போகப் பழக்கியவள் அவள். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடியலில் ஆள் கூட்டும் பெரட்டு மணிக்கு ஒருமுறை, பால் நிறுக்கும் மணிக்கு ஒருமுறை, சாயங்கால மணிக்கு ஒருமுறை என்று கையைப் பிடித்து குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைப்பாள். ஆறு வருஷப் பாடு அது.

1979இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து நவமணி அங்கே குடிவந்தாள். முதல் நாளே பாப்பா பாவாடையை நனைத்தாள். மறுநாளும் அப்படித்தான். வேலைக்குப் போகும்போது அவளைச் சேலைத்துணியால் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த முடிச்சைப் போடப் பெற்றவள் கைக்கு எப்படி மனசு வரும்? ஈப்போவில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. துணி நனைக்காதவர்களைத்தான் அங்கே சேர்ப்பார்கள்.

"எல்லாத்தையும் மறந்துட்டா டீச்சர்" என்று அங்கே வேலை பார்த்த இசபெல்லாவிடம் போய் அழுதாள் நவமணி.

இசபெல்லா தோட்டத்துக் கதையை முழுக்கக் கேட்டாள். "மறக்கலைலா அக்கா. நீங்க மணிக்குப் பழக்கிட்டீங்க. இங்க யாரு மணி அடிக்கிறா? அவ உடம்பு என்ன சொல்லுதுன்னு ரெண்டு வாரம் பாருங்க."

நவமணிக்குச் சுருக்கென்றது. லீவு போட்டு மகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எந்நேரமும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் பாப்பா, கோப்பி குடித்த அரைமணி நேரத்தில் ஆடுவதை நிறுத்துவாள். இடது காதைப் பிடித்து இழுப்பாள். அடுத்த நிமிடம் பாவாடை ஈரம். இத்தனை வருஷமும் பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து காதுக்குக் கை போனதும் கூட்டிப்போனாள். சரியாகப் போனால் வாயில் ஒரு பிஸ்கட். வேலை நாட்களில் பக்கத்து வீட்டு ராக்காயி வந்து வந்து பார்த்தாள். மூன்று நாள் ஒழுங்காகப் போகும், நாலாம் நாள் பழையபடி வழுக்கும். இப்படியே நாலு மாதம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நவமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா தானாக எழுந்து கக்கூசுக்குள் போனாள். பின்னாலேயே ஓடிப்போய் நவமணி எட்டிப் பார்த்தாள். குந்தியிருந்த பாப்பா தாயை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை நீட்டி அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நவமணி சாமி சன்னதியில் நிற்பதுபோல் வெங்காயக் கையோடு கும்பிட்டபடி நின்றாள்.

மறுநாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனாள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கத்தான் போனாள். இசபெல்லாவைக் கண்டதும் அந்தப் பேச்சு வாயில் வரவில்லை.

"டீச்சர், எம்மகளுக்கு வெக்கம் வந்திருச்சு" என்றாள்.