துக்கம் என்றே நினைத்திருந்தேன்

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். என் கணவர் மாரடைப்பால் இறந்த பின் வீட்டில் நான் மட்டும்தான். அவர் இருந்தபோது இரவில் அவருக்காகத்தான் சமைப்பேன். எனக்கு மட்டும் எதற்கு என்று அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டேன். சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, தந்திருந்த குளிசையை மட்டும் தவறாமல் விழுங்கிவிட்டுப் படுப்பேன்.

சில வாரங்களில், காலையில் எழுந்ததும் தலை சுற்றத் தொடங்கியது. கை நடுங்கும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வருவது போலிருக்கும். சீனி போட்ட தேநீர் குடித்தால் குறைந்துவிடும்.

"கவலையாலைதான் அக்கா. அழுதழுது உடம்பு விட்டுப்போச்சு" என்றாள் அடுத்த வீட்டுச் சாந்தி. நானும் நம்பினேன். அவரை நினைத்துத்தான் நடுங்குகிறேன் என்பதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

ஒரு காலை கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். சாந்திதான் என்னை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் கிணற்றடியில் விழுந்ததை அவளே டொக்டரிடம் சொன்னாள். விரலில் குத்திப் பார்த்தபோது, இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது.

"அம்மா, இரவிலை என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டும் சாப்பிடுறேல்லை. குளிசை மட்டும் போடுவன்."

"சாப்பிடாமல் உந்தக் குளிசையைப் போட்டால் விடியத் தலைசுத்தாமல் என்ன செய்யும்? கிணத்துக்கை விழுந்திருந்தால்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவர் போன பிறகு, இரவில் என்ன சாப்பிடுகிறேன் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அந்த டொக்டர்தான்.

குளிசையின் அளவைக் குறைத்துத் தந்தார். இப்போது பொழுது சாய்ந்ததும் எனக்காகவே கொஞ்சம் சமைக்கிறேன். சாப்பிட்ட பிறகே குளிசை போடுகிறேன். காலை நடுக்கம் நின்றுவிட்டது. ஒரேயொரு சாப்பாட்டுக் கோப்பையோடு தனியே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இன்னும் பழகவில்லை.